மாகீன் மேஸ்திரியின் சீமை இழைப்புளி

தக்கலைச் சந்தைக்குப் பின்னால், மரக்கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் சலேத்தம்மாளின் பட்டறை இருந்தது. பழைய இழைப்புளிகளைச் சீர் செய்வதுதான் அங்கே வேலை. துருப்பிடித்து, பிடி ஆடி, பிளேடு நீளுகிற வாய் அடைத்து வருகிற இழைப்புளி, திரும்பிப் போகும்போது பலகையை வழுவழுவென்று இழைத்துக்கொண்டு போகும்.

சலேத்தம்மாளின் அப்பாவுக்கு இரும்புப் பட்டறை. புருஷனுக்கு மரப் பட்டறை. இரண்டிலும் வேலை செய்தவர். இரும்பும் மரமும் சேருகிற சாமான் இழைப்புளி என்பதால் கடைசியில் அதையே பிடித்துக்கொண்டார். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். ஆனாலும் அந்த வட்டாரத்துத் தச்சர்கள் எல்லாரும் அவரை ஆசான் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு பெண்ணை ஆசான் என்று கூப்பிடுவதா என்று ஆரம்பத்தில் யோசித்தவர்களும் உண்டு. தங்கள் இழைப்புளியைத் திரும்ப வாங்கி ஒரு தடவை ஓட்டிப் பார்த்ததும் யோசனையை விட்டுவிட்டார்கள்.

அவருடைய சீடன் பிரம்மநாயகம். ஐம்பதைத் தாண்டியவன். பாதி ஆயுசைக் கட்டிலும் கதவும் செய்து கழித்துவிட்டு, இனிக் கருவியைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசானிடம் வந்து சேர்ந்தவன். வயதைப் பார்த்தால் அவர் என்று எழுத வேண்டும். ஆனால் சீடன் என்று ஆகிவிட்டால் அவன் என்று சொல்வதுதான் கதை வழக்கம். அவனும் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

ஆசான் அவனை அண்ணாச்சி என்பார். அவன் அவரை ஆசான் என்பான். பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும், அவர்கள் இருவருக்கும் இருந்ததில்லை.

பிரம்மநாயகம் கெட்டிக்காரன். அது அவனுக்கும் தெரியும் என்பதுதான் சங்கடம்.

ஒரு நாள் மாகீன் மேஸ்திரி சாக்கு மூட்டையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். அவரும் தச்சர்தான். பள்ளிவாசலுக்குப் புதுக் கதவு செய்து கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். சாக்கைப் பிரித்து, இரும்புத் தகட்டுக்குள் மரம் அடைத்த, ஒரு முழத்துக்கு மேல் நீளமான துருக்கட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சீமைச் சாமான், ஆசானே. எங்க வாப்பா வாலிபத்துல குளச்சல் துறையில ஒரு வெள்ளைக்காரன்கிட்ட வாங்கினது. பரண்ல கெடந்துச்சு. பள்ளிக் கதவை இதை வச்சுத்தான் இழைக்கணும்னு எனக்கு ஒரு ஆசை."

"வச்சிட்டுப் போங்க, பாய்," என்றார் ஆசான்.

மேஸ்திரி போன பிறகு ஆசான் அதைப் பிரம்மநாயகத்தின் பக்கம் தள்ளினார்.

"யாருன்னு பாருங்க, அண்ணாச்சி."

பட்டறையில் அது ஒரு முறை. துருவைத் தொடுவதற்கு முன் இழைப்புளி யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். எங்கே பிறந்தது, யார் கையில் இருந்தது, எந்த உறுப்பு பிறந்த அன்றே இருந்தது, எது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்பதெல்லாம் துருவுக்கு அடியில்தான் இருக்கும். தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகு தேடினால் ஒன்றும் கிடைக்காது.

பிரம்மநாயகம் அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். தட்டிச் சத்தம் கேட்டான். ஊசியால் மூலைகளை நோண்டினான். பிடியின் அடியில் நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்தான். சாப்பாட்டை மறந்தான். வெயில் சாயும் நேரத்தில் எழுந்து வந்து ஆசான் முன்னால் நின்றான்.

"ஆசான், இது சீமை இல்ல."

"பிளேடுல முத்திரை இருக்கே?"

"பிளேடு சீமைதான். அது கப்பல்ல வந்தது. உடம்பு நம்மூரு."

"எப்படித் தெரியும்?"

"உள்ள இருக்கிற மரம் அயினி. சுரண்டினா மஞ்சளா வருது. அயினி நம்ம மலையில நிக்கிற மரம்லா? வெள்ளைக்காரன் அவன் ஊர்ல அயினிக்கு எங்க போவான்?"

"பழைய மரம் உளுத்துப்போய் யாராவது மாத்தியிருக்கலாம்."

"மாத்தல. தகட்டுக்கும் மரத்துக்கும் சேத்து அடிச்ச ஆணியோட தலையைத் தகட்டோட தகடா அரத்தால ராவியிருக்கு. செஞ்ச அன்னைக்கு அடிச்ச ஆணி. ஒரு தடவைகூடக் கழட்டின அடையாளம் இல்ல."

"அவ்வளவுதானா?"

இல்லை. நல்லதை அவன் கடைசிக்கு வைத்திருந்தான்.

"மூக்கைப் பாருங்க, ஆசான்."

இழைப்புளியின் முன்பக்கம், இரண்டு பக்கத் தகடுகளிலும் நேர் எதிராக ஒவ்வொரு ஓட்டை இருந்தது. பழைய எண்ணெயும் துருவும் சேர்ந்து அடைத்திருந்ததை அவன் நோண்டி எடுத்திருந்தான்.

"துரு தின்ன ஓட்டைன்னுதான் முதல்ல நெனச்சேன். உள்ள விரலை விட்டா வழுவழுன்னு இருக்கு. வெள்ளைக்காரன் நின்னுக்கிட்டு ஒத்தையில தள்ளுவான். நாம எதிரெதிரா உக்காந்து, ஒருத்தன் தள்ள ஒருத்தன் இழுப்போம். இது இழுக்கிற கம்பி போற ஓட்டை. எவனோ நம்மூருக் கொல்லன் சீமை இழைப்புளியைப் பாத்துட்டு, நாம வேலை செய்யிற விதத்துக்குத் தோதா மாத்திச் செஞ்சிருக்கான்."

ஆசான் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"சரி," என்றார்.

ஆசான் வாயிலிருந்து சரி என்று வருவது அபூர்வம். பிரம்மநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து அவன் வேறு எதையும் நினைக்கவில்லை. முகம் தெரியாத அந்தக் கொல்லனை நினைக்க நினைக்க அவனுக்கே நெஞ்சு நிமிர்ந்தது. என்ன துணிச்சல் இருந்தால் ஒருவன் கப்பலில் வந்த சாமானைப் பார்த்து, இது போதாது, நான் இதைவிட நன்றாகச் செய்கிறேன் என்று உலையைப் பற்ற வைப்பான்! அந்தக் கொல்லன் செய்ததை வேலை செய்ய வைக்கிற பொறுப்பு தன் கைக்கு வந்ததில் அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மண்ணெண்ணெயில் ஊறப் போட்டான். தேங்காய்நாரால் தேய்த்தான். துரு கரைந்து சாயமாக ஓடியது. பிளேடைக் கழற்றினான். பிளேடின் மேல் உட்கார்ந்து அதை அழுத்திப் பிடிக்கிற பித்தளைத் துண்டையும் அதன் திருகையும் கழற்றி ஓரமாக வைத்தான். மிஞ்சிய வெறும் உடம்பைக் கவிழ்த்து, கண்ணாடிமேல் உப்புத்தாள் போன்ற எமரித் தாளை விரித்து, அடியைத் தேய்க்க ஆரம்பித்தான். இழைப்புளிக்கு அடி நேராக இருக்க வேண்டும். அடி நேராக இல்லாவிட்டால் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை.

பல நாள் தேய்த்தான். கடைசியில் இரும்பு ஸ்கேலை அடியில் நெடுக வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். ஸ்கேலுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

ஆசானிடம் கொண்டுபோனான்.

"பாருங்க, ஆசான்."

ஆசான் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். "வெளிச்சம் வரல."

"வராது," என்றான் பிரம்மநாயகம்.

ஆசான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

சீர் செய்த இழைப்புளியைக் கைமாற்றும்போது, சொந்தக்காரர் தன் பலகையில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார். இழைக்கும்போது எழுகிற மரச்சுருள், பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அறுபடாமல் வர வேண்டும். அறுந்தால் சாமான் பட்டறையிலேயே தங்கும். இது எல்லாருக்கும் தெரிந்ததால், யாராவது பலகையோடு வந்தாலே மரக்கடை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள்.

மாகீன் மேஸ்திரி தேக்குப் பலகையோடு வந்தார். இழைப்புளியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கையில் வாங்கித் தடவினார்.

"சீமைச் சாமான் சீமைச் சாமான்தான்!"

பிரம்மநாயகம் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை.

"இது சீமை இல்ல, பாய். நம்மூருக் கொல்லன் செஞ்சது." அயினியையும் ஆணியையும் மூக்கு ஓட்டையையும் வந்திருந்த கூட்டம் முழுவதும் கேட்கும்படி எடுத்துச் சொன்னான்.

மாகீனின் முகம் மாறியது. "அப்போ எங்க வாப்பா பொய் சொன்னாருங்கீரா?"

"சீமையைவிட ஒசத்திங்கேன். வெள்ளைக்காரனே வந்து பாத்தாலும் வாயைப் பொளப்பான். உக்காரும், காட்டுதேன்."

பலகையின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். பிரம்மநாயகம் பிளேடைப் பொருத்தி, திருகை இறுக்கி, மூக்கு ஓட்டையில் கம்பியைக் கோத்தான். மாகீன் தள்ளினார். அவன் இழுத்தான்.

வெங்காயத் தொலி போல மெல்லிசாகச் சுருள் எழுந்தது. கூட்டத்தில் யாரோ ஆகா என்றார்கள். ஒரு சாண் போவதற்குள் சுருள் அறுந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி அறுந்தது. பிளேடு ஆடுகிறதோ என்று நினைத்து பிரம்மநாயகம் திருகை இன்னும் இறுக்கினான். இப்போது பிளேடு மரத்தைக் கடிக்கவே இல்லை. இழைப்புளி பலகைமேல் சும்மா வழுக்கிக்கொண்டு போனது.

மாகீன் எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டார்.

"உள்ளூர்ச் சாமான்னு நீரே சொன்னீரு, ஓய். தெரியுதுல்லா?"

கூட்டம் சிரித்தது.

"அடுத்த சந்தைக்கு வாறேன். அப்பவும் இப்படியே இருந்தா எதுத்தாப்புல பழைய இரும்புக் கடை இருக்கு. அங்க போட்டுட்டு, கதவை மிஷின்ல இழைச்சுக்கிடுதேன்."

அவர் போய்விட்டார். கூட்டமும் கலைந்தது. பிரம்மநாயகம் பலகை கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தன்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். முகம் தெரியாத ஒரு நல்ல வேலைக்காரனுக்குத் தன் வாயால் கெட்ட பேர் வந்துவிட்டதே என்பதுதான் அவனை அறுத்தது.

அதன் பிறகு சில நாள் அவன் ஆளே மாறிப்போனான். அவன் பேசுவது அடுத்தவர் காதில் விழவில்லை. தோளை ஒடுக்கிக்கொண்டு நடந்தான். கேட்காமலேயே பட்டறையைக் கூட்டினான். ஒரு தச்சர் உடைந்த பிடியைக் கொண்டுவந்து, இதற்கு எந்த மரம் போடலாம் என்று கேட்டார். "எனக்கு என்ன தெரியும்? ஆசானைக் கேளுங்க," என்றான். அவனுக்கு நன்றாகத் தெரியும். வந்தவருக்கும் அது தெரியும். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

மாகீனின் இழைப்புளியை அவன் தொடவில்லை. துணி போட்டு மூடி வைத்திருந்தான்.

சந்தை நெருங்கியது. ஒரு காலையில் அவன் ஆசான் முன்னால் வந்து நின்றான்.

"ஆசான், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க, அண்ணாச்சி."

"கர்வத்தை எப்படி விடுறது?"

ஆசான் அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த ஸ்கேலை எடுங்க."

அவன் எடுத்தான். ஆசான் துணியை விலக்கி இழைப்புளியை எடுத்தார். திருகைத் தளர்த்தி, பிளேடையும் பித்தளைத் துண்டையும் கழற்றிக் கீழே வைத்தார். வெறும் உடம்பைக் கவிழ்த்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார்.

"வச்சுப் பாருங்க. வெளிச்சம் வருதா?"

"வரல."

ஆசான் பிளேடை உள்ளே வைத்தார். அது வாய்க்கு வெளியே தலை நீட்டாதபடி கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். பித்தளைத் துண்டை மாட்டினார். வேலை செய்யும்போது எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு திருகை இறுக்கினார்.

"இப்போ?"

பிரம்மநாயகம் ஸ்கேலை வைத்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி வைத்தான். வாய்க்குப் பின்னால் ஒரு இடத்தில் மட்டும் இரும்பு ஸ்கேலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்து வாய்ப் பக்கம் மயிரிழை போல வெளிச்சம் ஓடியது.

ஆசான் திருகைத் தளர்த்தினார். வெளிச்சம் மறைந்தது. இறுக்கினார். வந்தது.

பிரம்மநாயகம் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னான். "திருகு பிளேடை அமுக்குது. பிளேடு உள்ள இருக்கிற மரத்தை அமுக்குது. மரம் அடித்தகட்டை அமுக்குது. தகடு அந்த இடத்துல உப்பிருது. உப்பினா வாய் தூக்கிக்கிடும். பிளேடுக்குப் பலகை எட்டாது."

"ம்."

"நான் எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டு வெறும் உடம்பைத் தேச்சிருக்கேன்."

"ம்."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா, ஆசான்?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்க வரல, அண்ணாச்சி. காட்ட வந்தீங்க."

அவன் தலையைக் குனிந்தான். பிறகு எமரித் தாளை எடுத்துக் கண்ணாடிமேல் விரித்தான்.

இந்தத் தடவை எதையும் கழற்றவில்லை. திருகு இறுகியபடியே இருந்தது. அடியில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டுக்கொண்டு தேய்த்தான். எடுத்துப் பார்த்தால் வாய்க்குப் பின்னால் இருந்த கோடுகள் மட்டும் அழிந்திருந்தன. மற்றவை அப்படியே இருந்தன. தேய்த்தான். அழிந்த இடம் கொஞ்சம் பெரிதானது. ஆசான் இரண்டு தடவை அந்தப் பக்கமாகப் போனார். எல்லாக் கோடுகளும் அழிந்ததும் பிரம்மநாயகம் ஸ்கேலை வைத்துப் பார்த்தான். வெளிச்சம் வரவில்லை. அதற்குமேல் ஒரு இழுப்புகூடத் தேய்க்காமல் நிறுத்திக்கொண்டான்.

சந்தை நாளில் மாகீன் அதே பலகையோடு வந்தார். கூட்டமும் வந்தது. போன தடவை சிரித்தவர்கள் முன்வரிசையில் நின்றார்கள்.

பிரம்மநாயகம் வாயைத் திறக்கவில்லை. கம்பியைக் கோத்துவிட்டு உட்கார்ந்தான். மாகீன் தள்ளினார். அவன் இழுத்தான்.

சுருள் எழுந்தது. ஒரு சாண் தாண்டியது, ஒரு முழம் தாண்டியது. இழைப்புளியிலிருந்து ஒரே சீராக ஒரு சத்தம், தச்சர்கள் மட்டுமே ரசிக்கிற சத்தம், வந்துகொண்டே இருந்தது. பலகை முடிந்த இடத்தில் சுருள் முழுசாகக் கழன்று விழுந்தது. எங்கும் ஒரு கிழிசல் இல்லை.

மாகீன் குனிந்து சுருளை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். மறுபுறம் நின்றவர்களின் முகம் அதில் மங்கலாகத் தெரிந்தது. அவர் பலமாகச் சிரித்தார்.

"நான் சொன்னேன்லா! இது சீமைதான்!"

கூட்டம் தலையாட்டியது. ஆமாம், சீமைதான், உள்ளூரில் இப்படி எவன் செய்வான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அறுந்தபோது உள்ளூர்க்காரனாக இருந்த கொல்லன், அறுபடாமல் வந்ததும் ஊரைவிட்டே போய்விட்டான்.

பிரம்மநாயகம் ஆசானைப் பார்த்தான். ஆசான் ஸ்கேலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

போன தடவை பேசித்தான் எல்லாம் கெட்டது. பேசாமல் இருந்தால் இழைப்புளி பிழைத்துவிடும், மாகீனும் சந்தோஷமாகப் போவார். அவன் கம்பியை உருவினான். துடைத்துக் கீழே வைத்தான்.

"இல்ல, பாய்," என்றான். "நம்மூருதான்."

மாகீனின் சிரிப்பு நின்றது. "அன்னைக்கு அறுந்துச்சே?"

"அது என்னால. நான் தேச்ச தேப்பு தப்பு. செஞ்சவன்மேல தப்பில்ல."

"அப்போ எங்க வாப்பா சொன்னது?"

"வாப்பா பொய் சொல்லல. பிளேடு சீமைதான். வித்தவன் வெள்ளைக்காரன், சாமானும் நல்லாயிருந்துச்சு. அதனால முழுசும் சீமைன்னு நெனச்சிருப்பாரு. அவ்வளவுதான்."

அவன் குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. கூட்டத்தைப் பார்த்துப் பேசவும் இல்லை. மாகீன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இழைப்புளியைத் தூக்கி, மூக்கு ஓட்டையில் விரலை விட்டார். விரலைச் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"யாரு இந்தக் கொல்லன்?"

"பேரு தெரியாது, பாய்."

"பேரு தெரியாதவனுக்கா இவ்வளவு பேசுதீரு?"

"ஆமா."

மாகீன் பெருமூச்சு விட்டார். பிறகு அவருடைய வாய் ஒரு ஓரமாகச் சிரித்தது.

"சரி, ஓய். பள்ளியில கேட்டா, கதவு நம்மூரு இழைப்புளியில இழைச்சதுன்னே சொல்லுதேன். வாப்பா கனவுல வந்து சண்டைக்கு நின்னா, உம்ம வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பிருவேன்."

இழைப்புளியைத் துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனார். கூட்டம் அவர் பின்னாலேயே போனது. போகிற வழியெல்லாம் அவர் யாருக்கோ மூக்கு ஓட்டையைக் காட்டி விளக்கிக்கொண்டே போனது கேட்டது.

பட்டறை காலியானது. பிரம்மநாயகம் எமரித் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஆசான்."

"ம்."

"இன்னைக்கும் பேசிட்டேன்."

"கேட்டுது."

"கர்வம் போகல, ஆசான். உள்ள அப்படியே இருக்கு. இப்பகூட நெஞ்சு நிமிந்துதான் நிக்குது."

ஆசான் எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார்.

"திருகை இறுக்கி வச்சுத் தேச்சீங்கல்லா, அண்ணாச்சி. எவ்வளவு போச்சு?"

"ஒரு மயிரிழை."

"மிச்ச இரும்பு?"

"அப்படியேதான் இருக்கு."

"இருக்கட்டும்," என்றார் ஆசான்.